போர்க் கணக்கும் அமைதி நெறியும்

கலிங்க நாட்டின்மீது நிகழ்ந்த போர்களுள் இரண்டு, சரித்திரத்திலும் இலக்கியத்திலும் நிலைபெற்றுள்ளன. ஒன்று, கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் மோரியப் பேரரசன் அசோகன் நிகழ்த்தியது. மற்றையது, அதன்பின் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த காலத்தில், முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் நிகழ்த்தியது. பின்னதனைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடினார். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தி வென்ற வீரனுக்கே பரணி பாடுதல் வேண்டும் என்பது பாட்டியலார் வகுத்த விதி. முன்னதனைப் பற்றியோ, வென்ற மன்னனே கல்லில் எழுதுவித்தான். ஒன்றரை இலட்சம் மக்கள் நாட்டினின்றும் கொண்டுசெல்லப்பட்டனர் எனவும், ஓரிலட்சம் பேர் களத்திற் கொலையுண்டனர் எனவும், அத்தொகையிற் பன்மடங்கினர் பின்னர் மாண்டனர் எனவும் அவனது பதின்மூன்றாம் பாறைச் சாசனம் கூறுகின்றது. அதனால் மன்னன் உற்ற கழிவிரக்கத்தையும், அறத்தினாற் பெறும் வெற்றியே தலையாய வெற்றி என்று அவன் துணிந்தமையையும் அதே சாசனம் உரைக்கின்றது. அவ்வறவெற்றி சென்று சேர்ந்த நாடுகளுள் சோழ, பாண்டிய நாடுகளும் தாமிரபரணி எனப்பட்ட நம் ஈழமும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன.

அசோகன் தந்த எண்கள் முழுவெண்கள். ஒவ்வோர் உடலாக எண்ணிப் பெற்றவை என்று கொள்ளுதற்கில்லை. ஆயினும் ஈண்டு நோக்கத்தக்கது வேறொன்று. இரண்டு போர்களிலும் எண் உண்டு. ஒன்றில் எண் வென்றவன் புகழுக்கு அளவுகோலாயிற்று; மற்றையதில் எண் வென்றவன் தன் கொள்கையை மாற்றுதற்கு ஏதுவாயிற்று. போரைப் பற்றிய தரவுகளைத் திரட்டி ஆராய்ந்து, அமைதிக்கான கொள்கைகளை வகுப்போர் கையிற் கொடுக்கும் ஒரு கல்வித்துறை கடந்த நூற்றாண்டில் வளர்ந்துள்ளது. அசோகன் கல்லிற் பொறித்த எண்ணின் வழித்தோன்றல் என்று அத்துறையைக் கூறலாம். அதன் வரலாற்றையும், முறைகளையும், பயனையும், வழுக்களையும் இக்கட்டுரையிற் சுருங்கக் காண்போம்.

போரை வெறுப்பவன் அதனைக் கணக்கிடுதல் எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். நோய் இன்னதென்றும், அதன் மூலம் இன்னதென்றும், அதனைத் தணிக்கும் வாயில் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலிற் புகவேண்டும் என்பது திருவள்ளுவர் மருந்ததிகாரத்திற் காட்டிய முறை. கொள்ளைநோயைத் தடுக்க விரும்பும் சுகாதாரப் பகுதியினர், எவ்வூரில், எம்மாதத்தில், எத்தனை பேர் இறந்தனர் என்பதையே முதலில் வினவுவர். போர் ஒன்றே பன்னெடுங்காலம் இவ்விசாரணைக்கு உட்படாதிருந்தது. அதன் வெற்றி தோல்விகளைச் சரித்திரக்காரர் எழுதினர். அதன் அறத்தையும் மறத்தையும் புலவர் பாடினர். அதன் பொதுவியல்புகளை எண்ணால் ஆராய்ந்தவர் அரியர்.

அவ்வரியவருள் ஒருவர் போலந்து நாட்டவரான இவான் புளொக் என்பவர். புகைவண்டிப் பாதைத் தொழிலிலும் வங்கித் தொழிலிலும் பொருளீட்டிய இவர், 1898ஆம் ஆண்டில் வருங்காலப் போரைப் பற்றி ஆறு பாகங்கள் கொண்ட ஒரு பெருநூலை வெளியிட்டார். புதிய துப்பாக்கிகளின் எறிதூரம், படைகளின் தொகை, உணவு வழங்கும் வழிகள், அரசுகளின் கடன் ஆகியவற்றை அட்டவணைகளாக்கி ஆராய்ந்த அவர், இனிவரும் பெரும்போரில் வீரர் அகழிகளுட் பதுங்கிக் கிடப்பர் என்றும், போர் நெடுங்காலம் இழுபடும் என்றும், அதனால் அரசுகளே நிலைகுலையும் என்றும் முடிவு கூறினார். 1899இல் ஹேக் நகரிற் கூடிய சமாதான மாநாட்டுக்கு வழிவகுத்தவற்றுள் அவர் நூலும் ஒன்றெனக் கருதப்படுகின்றது. ஆயினும் படைத்தலைவர்கள் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1902இற் புளொக் இறந்தார். 1914இல் மூண்ட போர் அவர் கூறிய வண்ணமே அகழிப் போராயிற்று. நல்ல கணக்கு மாத்திரம் போரைத் தடுத்துவிடாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அகழிப் போரைக் கண்ணாரக் கண்ட ஒருவரே இத்துறையின் உண்மையான முன்னோடி. லூயி பிரை றிச்சார்ட்சன் என்னும் அவர், 1881ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிற் பிறந்தார். படைக்கலம் ஏந்தலாகாது என்னும் கொள்கையுடைய குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். வானிலையைக் கணிதச் சமன்பாடுகளாற் கணித்து முன்னறிவிக்கும் முறையை 1922இல் வெளிவந்த தமது நூலில் விரித்துரைத்தவர் அவரே. இன்று கணினிகள் கூறும் வானிலை அறிவிப்புக்கு அந்நூல் அடிப்படையாயிற்று. முதலாம் உலகப் போரிற் போர்வீரராகச் சேராது, 1916 முதல் 1919 வரை பிரான்சிற் காயமுற்றோரை ஏற்றும் வண்டியோட்டியாகத் தொண்டு புரிந்தார். 1920இல் தாம் பணியாற்றிய வானிலைத் திணைக்களம் விமானப்படை அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டபோது பதவியைத் துறந்தார். பின்னர் ஸ்கொத்துலாந்திற் பேஸ்லித் தொழில்நுட்பக் கல்லூரியின் அதிபராக விளங்கி, 1940இல் அப்பதவியினின்றும் நீங்கி, எஞ்சிய வாழ்நாளைப் போராய்ச்சிக்கே ஈந்தார். அவருடைய ஆராய்ச்சியின் இரு பெருநூல்கள் 1960இல், அவர் இறந்து ஏழாண்டுகள் கழிந்த பின்னரே அச்சேறின.

றிச்சார்ட்சன் எதிர்கொண்ட முதலிடர், சரித்திர நூல்கள் தம்முள் முரண்படுதல். ஒரு போரில் மாண்டவர் 8,000 என்று ஒருவர் எழுத, 12,000 என்று மற்றொருவர் எழுதுவார். நமது கணித வகுப்புகளிற் பயிலும் மடக்கையே அவர் கண்ட பரிகாரம். இறந்தோர் தொகையின் பத்தடி மடக்கையை அப்பூசலின் பருமன் என்றார். ஒருவர் கொலையுண்டால் பருமன் சுழி. ஆயிரம் பேர் மாண்டால் மூன்று. பத்தாயிரம் பேர் மாண்டால் நான்கு. ஒரு கோடிப் பேர் மாண்டால் ஏழு. 8,000க்கும் 12,000க்கும் உரிய மடக்கைகள் முறையே ஏறக்குறைய 3.9, 4.1 ஆகும். இரண்டும் நான்கை அடுத்தே நிற்கின்றன. எனவே ஆசிரியர்களின் முரண்பாடு ஆராய்ச்சியைக் குலைப்பதில்லை. தனிக் கொலையையும் உலகப் போரையும் ஒரே அளவுகோலில் வைத்தமைக்கு வேறொரு கருத்தும் உண்டு. கொலை எவ்வளவு பெரிதாயினும் கொலையே. கொடியும் முரசும் அதற்கு வேறு பெயர் தரமாட்டா என்பதே அவர் உள்ளக்கிடை.

1820ஆம் ஆண்டு முதல் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரையும் நிகழ்ந்த ஏறக்குறைய முந்நூறு போர்களை அவர் இங்ஙனம் வகைப்படுத்தினார். அதனாற் புலப்பட்டன மூன்று. முதலாவது, பருமன் ஏழினை எட்டியவை இரு உலகப் போர்களே. ஆயினும் அவ்வெல்லாப் போர்களிலும் மாண்டாருட் பாதிக்கு மேற்பட்டோர் அவ்விரண்டிலுமே மாண்டனர். இரண்டாவது, போர்கள் தொடங்கும் ஆண்டுகளை நிரைப்படுத்தி நோக்கின், தெருவில் நிகழும் விபத்துக்களைப் போல அவை எழுந்தமானமாக நிகழ்வனவாகவே காணப்பட்டன. உலகம் ஆண்டுதோறும் போரை நாடிச் செல்கின்றது என்றோ, போரை விட்டு விலகுகின்றது என்றோ கூறுதற்கு அந்நிரலில் ஆதாரம் இல்லை. மூன்றாவது, ஒரே மொழி பேசுதல் மாத்திரம் மக்களைப் போரினின்றும் காப்பதில்லை. அண்டை நாடுகள் பலவற்றோடு எல்லை பகிரும் நாடு போரிற் சிக்கும் வாய்ப்பு மிகுதி.

இவற்றுள் இரண்டாவது முடிவு இன்றும் வழக்கில் உள்ளது. 1945இன் பின் வல்லரசுகள் தம்முள் நேரடியாகப் பெரும்போர் புரியாமை கண்டு, மனிதகுலம் வன்முறையைப் படிப்படியாகக் கைவிடுகின்றது என்று ஸ்டீவன் பிங்கர் 2011இல் ஒரு நூலில் வாதித்தார். ஆரன் குளோசெற் என்னும் ஆய்வாளர் 2018இல் இதனைச் சோதித்து, இவ்வமைதி தற்செயலாய் அமைந்ததன்று எனப் புள்ளிவிபர முறையால் நிறுவ வேண்டுமாயின், அஃது இன்னும் நூறு முதல் நூற்றுநாற்பது ஆண்டுகள் நீடித்தல் வேண்டும் என்று காட்டினார். நெடுநாள் மழை பெய்யாமை கண்டு கூரையை வேயாது விடுதல் அறிவுடைமையன்று.

றிச்சார்ட்சனின் மற்றோர் ஆராய்ச்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. எல்லைகளின் நீளத்தை அளக்கப் புகுந்த அவர், ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடைப்பட்ட எல்லை ஒரு நூலில் 987 கிலோமீற்றர் எனவும் பிறிதொன்றில் 1,214 கிலோமீற்றர் எனவும் குறிக்கப்பட்டிருக்கக் கண்டார். ஒருவரும் பொய் கூறவில்லை. வளைந்து செல்லும் எல்லையைச் சிறிய கோலால் அளப்பின் நீளம் கூடும். பெரிய கோலால் அளப்பின் குறையும். அளவு என்பது அளவுகோலைப் பொறுத்தது. நிலவெல்லைக்குப் பொருந்தும் இவ்வுண்மை போருக்கும் பொருந்தும்.

போர் என்பது யாது? எத்தனை பேர் மாண்டாற் பூசல் போராகும்? யானை ஆயிரம் என்று பாட்டியலார் வரம்பிட்டது போலவே இக்கால ஆய்வாளரும் வரம்பிட வேண்டியவராயினர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் என்பவர் 1963இல் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். 1816 முதல் நிகழ்ந்த போர்களைத் தொகுத்த அத்திட்டம், போரில் ஆயிரம் பேரேனும் மாண்டிருத்தல் வேண்டும் என்று விதித்தது. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் பீற்றர் வலன்ஸ்ரீன் முதலியோர் வளர்த்த தரவுத் திட்டமோ, ஓராண்டில் இருபத்தைந்து பேர் மாண்டாலே அதனை ஆயுத மோதல் எனப் பதிவு செய்கின்றது. சிறு பொறியும் அதன் கண்ணுக்குத் தப்பாது. அரசு ஒரு பக்கமாய் நிற்கும் மோதல், அரசு சாராத குழுக்கள் தம்முட் புரியும் மோதல், படைக்கலம் இல்லாத மக்கள்மீது ஒரு பக்கத்தார் புரியும் வன்செயல் என மூவகையாக அது பகுக்கின்றது. இப்பகுப்பு வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. முதல்வகைக்குப் பேச்சுவார்த்தை மருந்தாகலாம். மூன்றாம் வகைக்கு மக்களைக் காத்தலே முதன் மருந்து.

வேறு சில நிறுவனங்களும் இத்துறையில் எழுந்தன. ஜொகான் கல்துங் 1959இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் அமைதி ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். சுவீடன் தன் நாட்டிற் போரின்றிக் கழிந்த நூற்றைம்பது ஆண்டுகளை நினைவுகூர்ந்து 1966இல் ஸ்ரொக்ஹோம் சர்வதேச அமைதி ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது. படைச்செலவையும் ஆயுத வியாபாரத்தையும் அது கணக்கெடுக்கின்றது. 2024இல் உலக நாடுகளின் படைச்செலவு 2,71,800 கோடி அமெரிக்க டொலர் என்பது அதன் மதிப்பீடு. அதே 2024ஆம் ஆண்டில் அரசு சார்ந்த மோதல்கள் 61 நிகழ்ந்தன எனவும், 1946இன் பின் எவ்வாண்டிலும் இத்துணை மோதல்கள் பதிவாகவில்லை எனவும் உப்சாலாவின் தரவைக் கொண்டு ஒஸ்லோ நிலையம் அறிவித்தது.

வரம்பு வகுத்தபின் எழும் வினா, எண்ணப்படாதவரை எண்ணுவது எங்ஙனம் என்பது. பத்திரிகையாளர் புகமுடியாத மலையூரிலே கொலையுண்டவன் எந்தப் பட்டியலில் இடம்பெறுவான்? செய்தி வருமிடத்திற் கணக்கு மிகும். செய்தி வராவிடத்திற் கணக்குக் குறையும். கணக்கைக் கண்ணை மூடி நம்பும் கொள்கையாளன், இருள் சூழ்ந்த இடத்தையே அமைதியான இடம் என மயங்குவான்.

இவ்விடரைக் களையும் முறை ஒன்று, விலங்குகளை ஆராய்வோரிடமிருந்து வந்தது. ஒரு குளத்தில் எத்தனை மீன் உள்ளன என்று அறிய விரும்புவோர், முதலில் நூறு மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு மீண்டும் நீரில் விடுவர். பின்னொரு நாள் நூறு மீன்களைப் பிடிக்க, அவற்றுள் இருபது அடையாளம் பெற்றனவாயின், ஐந்திலொரு பங்கே முன்னர்ப் பிடிபட்டது என்று தெளிந்து, குளத்தில் ஏறக்குறைய ஐந்நூறு மீன் உள்ளன என மதிப்பிடுவர். போரில் மாண்டோரின் பட்டியல்களுக்கும் இது பொருந்தும். தனித்தனியே தொகுக்கப்பட்ட இரு பட்டியல்களிற் பெரும்பான்மைப் பெயர்கள் பொதுவாயிருப்பின் விடுபட்டோர் சிலர். பொதுப் பெயர்கள் அருகியிருப்பின் விடுபட்டோர் பலர். பட்டியல்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்குமாயின் கணக்குப் பிழைக்கும். ஆதலால் இரண்டுக்கு மேற்பட்ட பட்டியல்களை வைத்து அச்சார்பையும் ஆராய்தல் வழக்கம்.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் 1980 முதல் 2000 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு இம்முறையைக் கைக்கொண்டது. சலமோன் லேர்னர் தலைமையில் 2003இல் அது தன் அறிக்கையை அளித்தது. பெயரோடு பதிவானவர் ஏறக்குறைய 24,000 பேர். மதிப்பீடோ 69,280, உண்மைத் தொகை 61,007க்கும் 77,552க்கும் இடைப்படும் என்றும் அது வரையறுத்தது. முன்னர்க் கருதப்பட்ட தொகையை இஃது ஏறக்குறைய இருமடங்காக்கியது. அதனினும் நெஞ்சை உறுத்துவது பிறிதொன்று. மாண்டோராயும் காணாமற் போனோராயும் பதிவானவருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர், கெச்சுவா முதலிய பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர். 1993ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களுள் அத்தகையோர் நூற்றுக்குப் பதினாறு பேர் மாத்திரமே. பல்லாயிரவர் மாண்டும் தலைநகரத்தார் அறியாதிருந்தமைக்கு இதுவே காரணம். மலைநாட்டு மக்களின் மொழி தலைநகரின் செவிக்கு எட்டவில்லை. இம்மதிப்பீட்டை மறுத்து, ஏறக்குறைய 48,000 எனக் கூறும் ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. முதல் ஆய்வாளர் அதற்கு மறுமொழி எழுதினர். இத்தகைய வாதம் கல்விக்கு இழுக்கன்று. கணக்கின் வழியைத் திறந்து காட்டினமையாலேயே அதனை மறுத்தலும் இயல்வதாயிற்று. அறிக்கையின் பயனாக 2005இற் பெரு நாட்டில் நட்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, பாதிக்கப்பட்டோர் பதிவேடும் தொடங்கப்பட்டது.

உண்மைக் கணக்கு எப்போதும் தொகையைக் கூட்டும் என்றும் எண்ணலாகாது. பொஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரில் இரண்டு இலட்சம், இரண்டரை இலட்சம் பேர் மாண்டனர் என்பது நெடுங்கால வழக்கு. சரஜேவோ நகரில் மிர்சாத் தொக்காச்சா தலைமையில் இயங்கிய ஆராய்ச்சி நிலையம், எல்லாப் பக்கத்து மாண்டோரையும் பெயர் பெயராகத் தொகுத்து, 2007இல் 97,207 என்னும் தொகையை வெளியிட்டது. அனைத்துலக நீதிமன்றின் குடித்தொகை ஆய்வாளர் வேறுவழியால் ஆராய்ந்து 2010இல் 1,04,732 என மதிப்பிட்டனர். தனித்தனியே சென்ற இரு வழிகள் ஒரே ஊரை அடுத்து முடிந்தமையால் நம்பிக்கை பிறந்தது. தொகையைக் குறைத்துத் தம் இனத்தின் துயரை இழிவுபடுத்தினார் எனத் தொக்காச்சாவைச் சிலர் பழித்தனர். மிகைப்படுத்திய எண் மறுப்போனுக்கு வாய்ப்பளிக்கின்றது. பெயரோடு நிற்கும் எண்ணை மறுத்தல் அரிது.

இனி, இத்தரவுகள் கொள்கைக்கு எவ்வாற்றாற் பயன்படுகின்றன என்பதை நோக்குவோம். ஜேம்ஸ் பியரன், டேவிட் லெயிற்றின் என்னும் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1945 முதல் 1999 வரை நாடுகளுக்கிடையே நிகழ்ந்த 25 போர்களில் ஏறக்குறைய 33 இலட்சம் பேர் மாண்டனர். அதே காலத்தில் நிகழ்ந்த 127 உள்நாட்டுப் போர்களிலோ ஏறக்குறைய 1 கோடி 62 இலட்சம் பேர் மாண்டனர். எல்லை கடக்கும் படைகளைத் தடுத்தலிலேயே கருத்தூன்றிய அனைத்துலக முறைமை, வீட்டினுள் எரியும் தீக்கு ஆயத்தமாயிருக்கவில்லை என்பது இவ்வெண்களாற் புலனாகும். பல இனங்களும் பல சமயங்களும் கலந்து வாழ்தலே உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்னும் பொதுக் கருத்தையும் அவ்வாய்வு மறுத்தது. வறுமையும், அரசின் வலுக்குறைவும், நிலையற்ற ஆட்சியுமே முதன்மையான ஏதுக்கள் என்றது. 2010இற் செடர்மன், விம்மர், மின் என்னும் மூவர் வேறொரு தரவுத் தொகுதியைக் கொண்டு இம்முடிவைத் திருத்தினர். இனங்கள் பலவாயிருத்தல் தீங்கன்று. ஓரினத்தை ஆட்சியுரிமையினின்றும் விலக்கி வைத்தலே கிளர்ச்சிக்கு வித்து என்று அவர் காட்டினர். கலந்து வாழும் நாடுகளுக்கு இம்முடிவு எச்சரிக்கையும் ஆம், ஆறுதலும் ஆம். மக்களின் பன்மையை மாற்ற இயலாது. ஆட்சிப் பங்கீட்டை மாற்ற இயலும்.

போரை முடித்தல் பற்றியும் தரவுகள் பேசுகின்றன. 1940க்கும் 1990க்கும் இடையில் நாடுகளுக்கிடையே நிகழ்ந்த போர்களுள் நூற்றுக்கு 55 பேச்சுவார்த்தையால் முடிவுற்றன. உள்நாட்டுப் போர்களுள் அவ்வாறு முடிந்தவை நூற்றுக்கு 20 மாத்திரமே. இதனை 1997இல் எடுத்துக்காட்டிய பார்பரா வால்ற்றர், காரணத்தையும் ஆராய்ந்தார். நாடுகள் போரை முடித்துத் தத்தம் எல்லைக்குட் படையோடு திரும்பலாம். உள்நாட்டுப் போரிலோ ஒரு பக்கத்தார் படைக்கலத்தைக் கையளித்துவிட்டு, நேற்றுவரை எதிரியாயிருந்தவரின் வாக்கை நம்பி ஒரே நாட்டில் வாழவேண்டும். அவ்வாக்கு மீறப்படின் கேட்பவர் யார்? மூன்றாம் தரப்பொன்று காவலாய் நிற்க உடன்படுமிடத்து உடன்படிக்கைகள் நிலைபெறும் வாய்ப்பு மிகுகின்றது என்பது அவர் முடிபு. அமைதிப்படைகள் சென்ற இடங்களில் அமைதி நெடிது நிலைத்தது என வேர்ஜினியா போட்னா 2008இலும், பாதுகாப்புக்குப் போதிய துருப்பினரும் பொலிசாரும் அனுப்பப்பட்ட இடங்களிற் பொதுமக்கள் கொலையுண்ணுதல் குறைந்தது என ஹுல்ற்மன் முதலிய மூவர் 2013இலும் காட்டினர். பார்வையாளரை மாத்திரம் அனுப்புதல் அத்தகைய பயனைத் தரவில்லை.

எண் வழிகாட்டுவது போலவே வழிதவறவும் செய்யும். போர் முடிந்த நாடுகளிற் பாதியளவு ஐந்தாண்டுகளுள் மீண்டும் போரில் வீழ்கின்றன என்னும் கூற்று, 2003இல் உலக வங்கி வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவியது. அவ்வாய்வு தந்த எண் நூற்றுக்கு 44. ஐக்கிய நாடுகள் சபையின் 2005ஆம் ஆண்டு அறிக்கையும் பாதியளவு என்றே கூறிற்று. அவ்வாண்டிலேயே அமைதி கட்டியெழுப்பும் ஆணைக்குழு நிறுவப்பட்டது. 2007இற் சூர்க்கெ, சம்செற் என்னும் இருவர் இவ்வெண்ணின் வேரைத் தேடிச் சென்று, அதே ஆசிரியர்களின் பிந்திய கணிப்பு அதிற் பாதியளவே என்று வெளிப்படுத்தினர். ஆணைக்குழு அமைத்தது நன்றே. ஆயினும் மீண்டும் போர் வருதல் உறுதிக்கு அண்மித்தது எனக் கொள்வோன் ஒரு கொள்கையை வகுப்பான். நாலில் ஒரு பங்கு எனக் கொள்வோன் வேறொன்றை வகுப்பான். ஓர் எண் ஏட்டிலிருந்து ஏட்டுக்குத் தாவுந்தோறும் அதன் ஐயங்கள் உதிர்ந்துவிடுகின்றன.

எண் இருந்தும் சொல்லப்படாமை இதனினும் பெரிய குற்றம். இதற்கு நம் நாடே சான்று. 2009ஆம் ஆண்டில் வன்னியிற் போரின் இறுதிக்கட்டம் நடந்தபோது, ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலர் பொதுமக்களின் இழப்பைக் கணக்கிட்டு வந்தனர். 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் மாண்டனர் என்பது அவர் தொகுத்த கணக்கு. மூன்று சான்றுகளை ஒப்பிட்டுப் பதிந்தமையால் அது குறைந்தளவுத் தொகையே. அவ்வெண்களை உரிய காலத்தில் உலகறிய வெளியிடாமையை, அச்சபையே அமைத்த உள்ளக விசாரணைக் குழு 2012இல் தன் தவறுகளுள் ஒன்றாகக் கண்டது. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, 40,000 வரையான பொதுமக்கள் மாண்டிருத்தல் கூடும் என்பதை விலக்க இயலாது என 2011இற் கூறியது. அரசின் புள்ளிவிபரத் திணைக்களம் வடமாகாணத்தில் நடத்திய கணக்கெடுப்பு அதனினும் மிகக் குறைந்த தொகையைத் தந்தது. காணாமற் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. பெருவிற் செய்தது போலப் பட்டியல்களை ஒப்பிட்டு, பொஸ்னியாவிற் செய்தது போல எல்லாப் பக்கத்தாரையும் பெயர் பெயராகத் தொகுத்து, யாவரும் சோதிக்கத்தக்க ஒரு கணக்கை நிறுவாதவரை, ஒவ்வொரு சாராரும் தத்தமக்கு உவந்த எண்ணையே பற்றி நிற்பர். இறந்தோரின் தொகையையே ஒப்புக்கொள்ளாத இருவர், இருப்போரின் உரிமையைப் பற்றி உடன்படுதல் எங்ஙனம்?

இத்துறையின் எல்லையையும் உணர்தல் வேண்டும். நூறு போர்களின் சராசரி, நூற்றோராவது போர் எப்போது மூளும் என்று சொல்லாது. பசியாலும் நோயாலும் பின்னர் மாண்டோரைக் களக்கணக்கு முற்றாகக் காட்டாது. அசோகனின் சாசனம் அவரைத் தனியே குறித்தமை அவனது நுண்ணறிவைப் புலப்படுத்தும். விதவையின் தனிமைக்கும், பள்ளியிழந்த சிறுவனின் வாழ்வுக்கும் மடக்கை இல்லை. தரவைக் கூட்டுவோர் கொலையைப் பதிவுசெய்வாரேயன்றிக் கொலையைத் தடுக்கும் அதிகாரம் உடையாரல்லர். புளொக்கின் நூல் அரண்மனைகளின் அலமாரியில் உறங்கியது போல, இன்றைய அட்டவணைகளும் உறங்கக்கூடும்.

ஆயினும் எண்ணின்றிச் செய்யும் அமைதி முயற்சி, நோயறியாது கொடுக்கும் மருந்தை ஒக்கும். ஆதலால், கணிதம் பயிலும் மாணவன் இத்துறையிற் பயன்படும் நிகழ்தகவையும், சரித்திரம் பயிலும் மாணவன் சான்றுகளை ஒப்புநோக்கும் முறையையும், மொழி பயிலும் மாணவன் துயருற்றோர் வாய்மொழியைப் பிறழாது எழுதிவைக்கும் திறத்தையும் வளர்த்துக்கொள்ளல் நன்று. ஓர் ஊரில் மாண்டோர், காணாமற் போனோர் ஆகியோரின் பெயரும், வயதும், நாளும், இடமும், சொன்னவர் இன்னார் என்பதும் ஒழுங்காகக் குறிக்கப்பட்ட ஒரு குறிப்பேடு, பிற்காலத்து ஆய்வாளனுக்கும் நீதிமானுக்கும் அமைச்சனுக்கும் ஒருங்கே பயன்படும். அக்குறிப்பேட்டில் நம்மவர் பெயரோடு மற்றையவர் பெயரும் ஒரே கையெழுத்தில், ஒரே விதிப்படி இடம்பெறுமாயின், அதுவே அமைதி நெறியிற் செல்லும் முதலடியாகும்.